ஜெர்மன் டீச்சராகப் படித்த காலம்

கோத்தே நிறுவனம் 1951-இல் தொடங்கப்பட்டபோது அதற்கு இருந்த முதல் வேலை, வெளிநாடுகளிலிருந்து வரும் ஜெர்மன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. மாணவர்களுக்கான மொழி வகுப்பு 1953-இல், பாட் ரைஹன்ஹால் என்ற ஊரில்தான் ஆரம்பமானது. முதலில் வாத்தியார், பிறகு வகுப்பு. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்று சென்னையில் வடபழனியிலிருந்து தாம்பரம் வரை தெருவுக்குத் தெரு தொங்கும் ஜெர்மன் கிளாஸ் போர்டுகளைப் பார்க்கும்போது அந்த வரிசை நம் ஊரில் தலைகீழாகிவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது. போர்டு முதலில் வந்துவிடுகிறது, மாணவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள், டீச்சரைப் பிறகுதான் தேடுகிறார்கள். ஒரு டீச்சர் உருவாக என்னென்ன வேண்டும் என்பதை அனுபவித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் அந்த நிறுவனத்துக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனாலும் அவர் பெயரில் உள்ள கட்டடங்களுக்குள் பல தலைமுறை இந்தியர்கள் ஜெர்மன் படிக்கப் போயிருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் உள்ள பவனில் நான் போய்ச் சேர்ந்தது 2000-களின் தொடக்கத்தில். கும்பகோணத்தில் தமிழ் வழிப் பள்ளிப் படிப்பு, சென்னையில் பி.காம்., பிறகு ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. ஹாம்பர்க்கிலிருந்து வரும் கடிதங்களைப் படிக்க அலுவலகத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பாதி ஃபீஸை முதலாளி கட்டினார். சாயங்கால பேட்ச்.

ஏ1-இல் தொடங்கி ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் வகுத்த படிகள் இவை. நாங்கள் படித்த நாட்களில்தான் பழைய தேர்வுப் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்து இந்த எழுத்தும் எண்ணும் புழக்கத்துக்கு வந்தன. சி1 சான்றிதழ் கைக்கு வந்தபோது, தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் “கிளாஸ் எடுக்க வேண்டியதுதானே!” என்றார்கள். ஒரு கோச்சிங் சென்டரிலிருந்து அழைப்பும் வந்தது. மறுநாளே வரச் சொன்னார்கள். என்ன படித்தேன் என்று கேட்டார்கள், எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத இடத்தில் வேலை பார்க்க எனக்கு மனமில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன்.

பயிற்சியின் முதல் கட்டத்தில் நமக்கு வாயே கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர் வகுப்பைப் பார்க்க வேண்டும். ஜெர்மனில் இதற்கு ஹோஸ்பிட்டாட்ஸியோன் என்று பெயர். கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். ‘வகுப்பு எப்படி இருந்தது’ என்று எழுதுவதற்கான தாள் இல்லை அது. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு விஷயம்தான் பார்க்கலாம். ஒரு நாள், டீச்சர் எந்தெந்த மாணவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்பது. இன்னொரு நாள், பிழையாகச் சொன்ன மாணவரை எந்த இடத்தில் திருத்துகிறார், எந்த இடத்தில் விட்டுவிடுகிறார் என்பது. வேறொரு நாள், கேள்வி கேட்ட பிறகு எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்பது.

இந்தக் காத்திருப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பார்த்தது ஒரு மூத்த ஆசிரியையின் ஏ1 வகுப்பு. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மார்க்கரை மேஜையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடுதான் கேள்வி கேட்பார். “நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?” என்று ஒரு பையனிடம் ஜெர்மனில் கேட்டார். பையன் விழித்தான். பக்கத்தில் இருந்தவள் பதிலை முணுமுணுக்கப் போனாள். ஆசிரியை கையை லேசாக உயர்த்தித் தடுத்தார். முகத்தில் அவசரம் துளியும் இல்லை. என் கடிகாரத்தில் விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்க்கும் எனக்கே மூச்சு முட்டியது. பையன் முதலில் ‘இட்லி’ என்றான். இன்னும் காத்திருந்தார். பிறகு வினைச்சொல் வந்தது. அதற்கும் பிறகு, வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டிய கடந்த கால வினை வடிவத்தோடு முழு வாக்கியமும் வந்தது. வகுப்பு முடிந்து அவரிடம் கேட்டேன்.

“அவ்வளவு நேரம் எப்படி மேம் பொறுமையா இருந்தீங்க?”

“பொறுமை எல்லாம் இல்லம்மா. அவன் அந்த வினையைத் தேடிக்கிட்டிருந்தான். நான் எடுத்துக் குடுத்திருந்தா அவன் தேடறதை நிறுத்தியிருப்பான். அவ்வளவுதான்.”

எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடவில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு வகுப்பில் மௌனம் பெரும் சுமை. அதைச் சுமக்கப் பழகுவதுதான் முதல் பாடம்.

அடுத்தது பாடத்திட்டம். ஒரு வகுப்புக்கு ஓர் அட்டவணை போட வேண்டும். நேரம், இலக்கு, மாணவர் செய்யும் வேலை, தனியாகவா இருவராகவா குழுவாகவா, என்ன பொருள், என்ன கருவி என்று கட்டங்கள். கட்டம் போடுவது யாருக்கும் வரும். இலக்கு என்ற கட்டத்தில்தான் எல்லாரும் தடுமாறுவோம். ‘பெர்ஃபெக்ட் காலம் நடத்துதல்’ என்று எழுதிக்கொண்டு போன சக பயிற்சியாளரிடம் எங்கள் பயிற்றுநர் கேட்டார்: “இது நீங்க செய்யப்போற வேலை. மாணவர் என்ன செய்வார்?” அன்று மாலை வரை நாங்கள் எட்டுப் பேரும் அந்த ஒரு கட்டத்தோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் இப்படி வந்து நின்றது: ‘போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தேன் என்று மாணவர் பக்கத்தில் இருப்பவரிடம் ஐந்து வாக்கியங்களில் சொல்வார், அவர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்குப் பதிலும் சொல்வார்.’ இலக்கு இப்படி அமைந்துவிட்டால் மற்ற கட்டங்களைப் பின்னாலிருந்து முன்னால் நிரப்பிக்கொண்டே வரலாம். கடைசி பத்து நிமிடத்தில் இந்த உரையாடல் நடக்க வேண்டும் என்றால் அதற்கு முன் எந்தப் பயிற்சி, அதற்கு முன் எந்தச் சொற்கள், வகுப்புக்குள் நுழைந்ததும் எந்தப் படம் என்று. திட்டத்தை முடித்த பிறகு பயிற்றுநர் பச்சைப் பேனாவால் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரே கேள்வியை எழுதுவார்: இங்கே பேசுவது யார்? பெரும்பாலான வரிகளில் டீச்சர் என்று பதில் வந்தால் திட்டம் திரும்பி வரும்.

இப்போது அந்தப் பயிற்சி ‘டாய்ச் லேரன் லெர்னன்’ என்ற தொடராக இருக்கிறது. ஜெர்மன் கற்பிக்கக் கற்போம் என்பது பொருள். அடிப்படைப் பாடங்கள் ஆறு: கற்பிக்கும் திறன், மொழி எப்படிக் கற்கப்படுகிறது, அந்நிய மொழியாக ஜெர்மன், பயிற்சிகளும் பணிகளும், பாடப்பொருளும் ஊடகமும், பாடத்திட்டமும் வகுப்புத் திட்டமும். பயிற்சிகளைப் பற்றிய பகுதியை எழுதியவர்களில் ஒருவர் ஹெர்மன் ஃபுங்க். ‘ஸ்டுடியோ டே’ பாடநூலில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நம் வகுப்பிலேயே ஒரு சிறிய ஆய்வு செய்ய வேண்டும். அதை பெப் என்று சுருக்கமாகச் சொல்வோம். நாம் ஒரு கேள்வி எழுப்பி, தரவு திரட்டி, மற்ற பயிற்சியாளர்கள் முன் வைக்க வேண்டும்.

நானும் ஒரு தோழியும் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: இருவர் இருவராகப் பேசச் சொல்லிவிட்டு டீச்சர் நகர்ந்துபோனால் மாணவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள்? மாணவர்களின் சம்மதத்தோடு மேஜைகளில் ஃபோனை வைத்துப் பதிவு செய்தோம். வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதினோம். ஆச்சரியமான விஷயம் கிடைத்தது. கொடுத்த பணியை அவர்கள் ஜெர்மனில்தான் செய்தார்கள். தமிழ் வந்ததெல்லாம் பணியைச் சுற்றித்தான்: “உன் டர்ன்டி”, “என்ன சொன்ன, கேக்கல”, “அடுத்த கேள்விக்குப் போலாமா”, “இருடா, யோசிக்கிறேன்”. அதாவது அவர்களுக்கு ஜெர்மன் மீது விருப்பமில்லாமல் இல்லை. இந்தச் சின்னச் சின்னச் சொற்களை நாங்கள் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. எங்கள் பாடநூலின் முதல் பாடத்திலும் இவை வரிசையாகக் கிடைக்கவில்லை. இந்த நான்கையும் ஜெர்மனில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அடுத்த பதிவில் தமிழ் வெகுவாகக் குறைந்தது. சிறிய கண்டுபிடிப்புதான். ஆனால் அதுவரை ‘இந்தப் பசங்க தமிழ்லயே பேசிக்கிட்டிருக்காங்க’ என்று ஸ்டாஃப் ரூமில் புலம்பும் பழக்கம் எல்லாரிடமும் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் பேட்ச்சில் அந்தப் புலம்பலைக் கேட்டதில்லை.

தமிழ் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாணவரின் வாயில் இருக்கும் தமிழை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் பயிற்சியில் இருந்தபோது, திருமணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண் ஏ1-இல் சேர வந்திருந்தார். கணவர் ஸ்டுட்கார்ட்டில் வேலை. கணவனுடனோ மனைவியுடனோ சேர்ந்து வாழப் போகிறவர் எளிய ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி 2007-இல் வந்தது. அன்று ஏ1 தேர்ச்சி இல்லாமல் பொதுவாக விசா கிடைக்காது. அந்தப் பெண் எங்கள் மூத்த ஆசிரியையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மேம், நான் தமிழ் மீடியம். இங்கிலீஷே சரியா வராது. எனக்கு ஜெர்மன் வருமா?”

“இங்கிலீஷை யாரும்மா கேட்டாங்க? உங்களுக்குத் தமிழ் வருமில்ல, போதும். வந்து உக்காருங்க.”

அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை, இலக்கண உண்மை. ‘மிர் இஸ்ட் கால்ட்’ என்றால் எனக்குக் குளிருது. ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமை அப்படியே ‘மிர்’ என்று நிற்கிறது. ஆங்கிலத்தின் வழியாக வருகிறவர் ‘இஹ் பின் கால்ட்’ என்று சொல்லிவிடுவார். ஜெர்மானியர் காதில் அது ‘நான் நெஞ்சில் ஈரமில்லாதவன்’ என்பது போல விழும். எனக்குத் தலை சுற்றுது, எனக்குக் குமட்டுது, எனக்குப் பிடிச்சிருக்கு — எல்லாவற்றுக்கும் ஜெர்மனில் அதே ‘மிர்’. தமிழில் யோசிக்கிறவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. மரியாதைக்கு நீங்கள், நெருக்கத்துக்கு நீ என்ற பிரிவும் அப்படித்தான். ‘வைல்’ போட்டுக் காரணம் சொல்லும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும். நம் வாக்கியத்தில் வினை என்றைக்குமே கடைசியில்தான். வேற்றுமை நான்குதானா, எங்களுக்கு எட்டு இருக்கிறதே என்று சொல்லும் மாணவரின் முகத்தில் வரும் தெம்பைப் பார்க்க வேண்டும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்குப் பால் என்பது பொருளை ஒட்டியது. ஆண் என்றால் அவன், மேஜை என்றால் அது. ஜெர்மனில் ஆண்பால் சொல்லுக்கு முன்னால் ‘டெர்’, பெண்பாலுக்கு ‘டீ’, மூன்றாம் பாலுக்கு ‘டாஸ்’ வரும். சூரியன் பெண்பால், நிலா ஆண்பால், சிறுமி அஃறிணைபோல ‘டாஸ்’. இதற்குச் சில விதிகள் உண்டு. சின்னது என்று காட்டும் ‘ஷென்’ விகுதிச் சொல்லெல்லாம் ‘டாஸ்’, ‘உங்’ என்று முடிவதெல்லாம் அநேகமாக ‘டீ’. மற்றவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனதில் பதிக்க வேண்டியதுதான். டெருக்கு நீலம், டீக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை என்று வண்ண அட்டைகளில் எழுதி வைப்பது பல ஆசிரியர்களின் வழக்கம். நானும் அதைத்தான் செய்கிறேன்.

ஒலியில் இன்னொரு கஷ்டம். பயண மூட்டைக்கும் பேக்கரிப் பண்டத்துக்கும் உள்ள ஜெர்மன் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கெபெக்’தான். ஒன்றில் அழுத்தமான ‘ப’, மற்றதில் மென்மையான ‘ப’. ஆகவே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே அதை விட்டுவிடச் சொல்கிறேன். இரட்டைப் புள்ளி வைத்த ‘உ’வுக்கு மட்டும் நல்ல வழி உண்டு. ‘ஈ’ என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கு அசையக் கூடாது. அப்படியே உதட்டை மட்டும் ‘ஊ’ சொல்வதுபோல் குவியுங்கள். வந்துவிடும். ‘ஏ’ சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஓ’வாகக் குவித்தால் புள்ளி வைத்த ‘ஓ’. என் வகுப்பில் ஃபோன் கேமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு நாகர்கோவில், தென்காசிப் பக்கத்து நர்ஸ் பிள்ளைகள் உதட்டைக் குவித்துப் பழகுவார்கள். ஒருவருக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவரின் தாடையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார்.

செய்தி சொல்லும் தனி வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தை விட்டு நகராது என்ற விதிக்கு ஒரு பயிற்சி உண்டு. அதைச் சொல்லாமல் போக முடியாது. ஆளுக்கொரு சொல் அட்டை கொடுத்து வரிசையில் நிற்க வைப்போம். ‘நான் — போகிறேன் — இன்று — வீட்டுக்கு.’ வினை அட்டை வைத்திருப்பவர் இரண்டாவது ஆள். அவர் கால் வைத்த டைல்ஸை விட்டு அசையக் கூடாது. ‘இன்று’ அட்டைக்காரர் முன்னால் ஓடி வந்தால் ‘நான்’ அட்டைக்காரர் வினையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். இரண்டு முறை மாறிப் பார்த்தால் போதும். ‘இன்று நான் போகிறேன்’ என்று ஆங்கிலப் பாணியில் வரும் பிழையை அதன் பிறகு வகுப்பே கூடித் திருத்தும். இலக்கண விளக்கம் ஒரு வரிகூட போர்டில் எழுத வேண்டாம்.

இதையெல்லாம் ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர் தானாகச் சொல்லிவிட முடியாது. தாய்மொழிக்காரருக்குச் சரி எது என்று தெரியும். ஏன் என்று தெரிந்திருக்க அவசியமில்லை. தமிழர்களாகிய நாம் யாருக்காவது ‘ல’, ‘ழ’, ‘ள’ சொல்லிக்கொடுக்க முயன்றால் இது புரியும். ஜெர்மனை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்காகவே இலக்கணம் எழுதும் மரபு கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக்கில் வேரூன்றியது. கெர்ஹார்ட் ஹெல்பிக்கும் யோவாகிம் பூஷாவும் சேர்ந்து வெளிநாட்டு மாணவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்கென்றே எழுதிய இலக்கண நூல் 1970-களின் தொடக்கத்தில் அங்கே வெளிவந்தது. பவன் நூலகத்தில் அதன் பிரதி முனை மடங்கி, அட்டை பிய்ந்து கிடக்கும். எந்த வினை எத்தனை துணைகளைக் கேட்கும் என்று அவர்கள் வகுத்துக் காட்டிய முறையைப் படித்த பிறகுதான் என் பள்ளியில் தமிழய்யா செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று நடத்தியதன் அருமை எனக்குத் தெரிந்தது.

மொழியைப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கற்ற ஜெர்மானியர் ஒருவர் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பத்தே ஆண்டுகளில், 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹல்லே நகரில் அச்சாகிவிட்டது. அவருக்குக் கற்றுக்கொடுத்த அந்தத் திண்ணை வாத்தியாரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முன்பின் பார்த்தறியாத ஒரு வெள்ளைக்காரருக்குத் தமிழை அன்றைய வாத்தியார் எப்படிப் படிப்படியாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்!

பயிற்சி முடிந்து வேலைக்கு வந்த பிறகு பார்த்தவை பல. பள்ளிகளில் ஜெர்மன் பரவும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. கேந்திரிய வித்யாலயாக்களோடு கோத்தே நிறுவனம் 2011-இல் போட்ட ஒப்பந்தத்தால் பல ஆசிரியர்கள் ஜெர்மன் படித்துப் பயிற்சியும் பெற்றார்கள். 2014 நவம்பரில், மூன்றாம் மொழி இடத்திலிருந்து ஜெர்மன் எடுக்கப்பட்டு சமஸ்கிருதம் வந்தது. ஏறத்தாழ 70,000 மாணவர்கள் கல்வியாண்டின் நடுவில் மொழி மாற வேண்டியிருந்தது. எந்த மொழி வேண்டும் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆண்டின் நடுவில் ஒரு குழந்தையின் கையிலிருந்து பாடப்புத்தகத்தை வாங்கிக்கொள்வதை எந்த ஆசிரியராலும் ஏற்க முடியாது.

இப்போதைய கூட்டம் வேறு. படித்து வேலைக்குப் போகிறவர்கள். திறன் பெற்ற இந்தியர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மன் அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அன்றிலிருந்து விசாரிக்க வரும் ஃபோன் ஓய்வதில்லை. நர்ஸாக முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 வேண்டும். கடன் வாங்கிப் படிக்கிறார்கள். ஏஜென்சிக்காரர் தேதி குறித்துவிடுகிறார். அதற்குள் எப்படியாவது சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுங்கள் என்று வகுப்பு நடக்கிறது. மாடல் டெஸ்ட், மனப்பாடக் கடிதம், மனப்பாட உரை. பி2 முடித்த கையோடு, எந்தப் பயிற்சியும் இல்லாத பிள்ளைகளே ஏ1 வகுப்பில் டீச்சராக நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களை வகுப்புக்குள் அனுப்பி வைத்தவர்களைச் சொல்வேன்.

மனப்பாடம் எங்கே உடையும் என்பதைத் தேர்வாளர் பயிற்சியில் கண்கூடாகப் பார்த்தேன். வாய்மொழித் தேர்வில் இரண்டு தேர்வாளர்கள் உட்கார வேண்டும் என்பது விதி. பயிற்சியில் ஒரே வீடியோவைப் பார்த்து எல்லாரும் தனித்தனியாக மதிப்பெண் போடுவோம். பிறகு ஒப்பிட்டு, ஏன் இந்த எண் என்று ஒவ்வொருவரும் விளக்க வேண்டும். பார்க்கப் பாவமாக இருந்த பெண்ணுக்குக் கூட்டிப் போட்டது, திமிராகத் தெரிந்த பையனுக்குக் குறைத்துப் போட்டது எல்லாம் அங்கே வெளியே வந்துவிடும். ஏ1 தேர்வில் பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்று தன்னை அறிமுகம் செய்ய வேண்டும். எல்லாரும் ஒப்பிப்பார்கள். பிறகு தேர்வாளர், உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்பார். ஃபோன் நம்பர் கேட்பார். ஜெர்மனில் இருபத்தொன்று என்பதை ‘ஒன்றும் இருபதும்’ என்று ஒன்றாம் இடத்தை முதலில் சொல்ல வேண்டும். ஒப்பித்துப் பழகியவர் அங்கே நின்றுவிடுவார். நிஜமாகப் பேசிப் பழகியவர் தட்டுத் தடுமாறியாவது கடந்துவிடுவார். நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. தட்டுத் தடுமாறுவதற்கு அதில் இடம் இருக்கிறது.

தேர்வுக்கூடத்தில் நின்றுபோனால் ஃபீஸ் போகும். வார்டில் நின்றுபோனால்? ராத்திரி டியூட்டியில் ஒரு முதியவர் ‘மிர் இஸ்ட் ஷ்லெஹ்ட்’ என்கிறார். மனப்பாடமாகப் படித்தவர் ‘ஷ்லெஹ்ட் என்றால் மோசம், ஏதோ மனசு சரியில்லை போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு போய்விடலாம். அவர் சொன்னது ‘எனக்குக் குமட்டுது’. உடனே பாத்திரம் வேண்டும், பிபி பார்க்க வேண்டும், டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியின் நிலையை நான்கைந்து வாக்கியங்களில் ஒப்படைக்க வேண்டும். இதற்கான வகுப்பை நான் நடத்தும்போது ஒருவரைப் படுக்க வைக்கிறேன், ஒருவரைக் கேட்க வைக்கிறேன், மூன்றாமவரை வெளியே நிறுத்தி உள்ளே வந்ததும் நிலவரம் கேட்கச் சொல்கிறேன். எந்த வாக்கியம் வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இரைச்சலாக இருக்கும். எதிர் அறையிலிருந்து வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். பரவாயில்லை.

இந்தத் தொழிலின் சம்பளத்தையும் மறைக்கக் கூடாது. பெரும்பாலான இடங்களில் மணிக்கணக்கில்தான் பணம். வகுப்பு நின்றால் வருமானம் நிற்கும். பாடம் தயாரிக்கும் நேரமும் வீட்டுப்பாடம் திருத்தும் நேரமும் கணக்கில் வராது. குடும்பம் நடத்தும் பொறுப்பு உள்ளவர்கள் இதை யோசித்துத்தான் இறங்க வேண்டும். தெரிந்தே இறங்கியவள் நான். இன்றும் எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலை பார்க்க விருப்பமில்லை.

ஜெர்மன் ஆசிரியராக விரும்பும் தம்பி, தங்கைகளுக்கு: பி2-வோடு நிற்காதீர்கள், சி1 முடியுங்கள். முடிந்தால் நல்ல டீச்சர் ஒருவரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் இடம் கேட்டு வாங்குங்கள். ‘டாய்ச் லேரன் லெர்னன்’ போன்ற முறையான பயிற்சி ஒன்றைச் செய்துவிட்டு வகுப்புக்குள் போங்கள். முதல் வகுப்பை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஜெர்மன் படிக்கப் பணம் கட்டப் போகிறவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்: எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்ற போஸ்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்கப்போகிறவர் எந்த நிலை வரை படித்திருக்கிறார், கற்பிக்கப் பயிற்சி எடுத்திருக்கிறாரா, ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கலாமா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். நல்ல இடத்தில் மூன்றுக்கும் அங்கேயே பதில் கிடைக்கும். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.